மரம் ஏறச் சொல்லித் தராத பூனை

புலிக்கு எல்லா வித்தையையும் சொல்லிக் கொடுத்த பூனை, மரம் ஏறுவதை மட்டும் மறைத்து வைத்ததாம். அதனால்தான் பின்னால் பாய்ந்த புலியிடமிருந்து தப்பியதாம். இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை நம் பக்கத்தில் இருக்காது. வைத்தியர் சொல்வார், சமையல்காரர் சொல்வார், பட்டறைக்காரர் சொல்வார். கேரம் பலகை முன்னால் உட்கார்ந்திருக்கும் அண்ணனும் அதையேதான் சொல்கிறார்: "எல்லாத்தையும் காட்டிக் குடுத்துட்டா நாளைக்கு நம்மளயே அடிச்சிருவான்டா."

பூனைக்கு உயிர் பயம். அதன் நியாயம் அதற்கு. பக்கத்துத் தெருப் பையன் நம்மைக் கேரமில் ஜெயித்தால் நமக்குப் போவது என்ன? ஒரு போர்டு. அடுத்த போர்டுக்குக் காயை அடுக்கலாம். உயிருக்குப் பயந்த பிராணியின் சூத்திரத்தை விளையாட்டுக்குள் கொண்டுவந்து, அதைப் புத்திசாலித்தனம் என்று ஊர் ஊராகப் பரப்பியிருக்கிறோம். இந்த நம்பிக்கை விளையாட்டையும் கெடுக்கிறது, விளையாடுபவரையும் கெடுக்கிறது.

நம் ஒக்கூரிலும் சுற்று ஊர்களிலும் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் கேரம் போட்டி நடக்கும். மற்ற நாட்களில் எங்காவது ஒரு திண்ணையில் பல்பைத் தொங்கவிட்டு ஆட்டம். எந்த ஊரிலும் ஒருவர் இருப்பார். பேஸ் லைனுக்குக் கீழே கிடக்கும் காயைக்கூட லேசாகச் சீவிக் குழியில் போடுவார். "எப்படிண்ணே?" என்று பையன் கேட்டால், "கைவாக்குடா" என்று சிரித்துக்கொண்டே ஸ்ட்ரைக்கரை எடுத்துக்கொள்வார். பையன் அதற்கு மேல் கேட்கமாட்டான். வருஷக்கணக்கில் ஊரில் அவரை அடிக்க ஆளிருக்காது. அதே அண்ணன் மாவட்டப் போட்டிக்குப் போனால் முதல் சுற்றிலேயே திரும்பிவிடுவார். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவரை நெருக்கிப் பிடிக்கிற ஆட்டக்காரர் ஒருவரையும் ஊரில் அவர் வளரவிடவில்லை. ரெட் காயை எடுத்துவிட்டு, அதை உறுதியாக்கும் ஃபாலோ காயைப் போட வழியில்லாமல் திணறும் நிலை அவருக்கு உள்ளூரில் வந்ததே கிடையாது. எதிராளி காயை மறித்து வைத்தால் என்ன செய்வதென்று யோசிக்கும் தேவையும் வந்ததில்லை.

சரி, அப்படி மறைக்கிற ரகசியம்தான் என்ன? ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். போட்டி ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கும். ஒரு காயின் எடை 5 முதல் 5.5 கிராம். அதாவது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கனமானது லேசானதை மோதினால், எந்த இடத்தில் சீவினாலும் கனமானதன் பாதை அதிகம் திரும்பாது. கணக்குப் போட்டால் உச்சமே சுமார் 20 டிகிரிதான் வரும். பூல், ஸ்னூக்கர் மேஜையில் எல்லாப் பந்தும் ஒரே எடை என்பதால், மோதிய பந்தும் சீவப்பட்ட பந்தும் ஏறத்தாழ செங்கோணத்தில் பிரிந்து போகும். கேரமில் அது நடக்காது. காயைச் சீவிய பிறகும் ஸ்ட்ரைக்கர் ஏறக்குறைய போன திசையிலேயேதான் போய்க்கொண்டிருக்கும். அந்த வழியில் இன்னொரு குழி இருந்தால் அதுவும் உள்ளே விழும், மைனஸ். அடிக்கும் முன்பே இதைக் கணக்கில் வைப்பவர் ஸ்ட்ரைக்கரைக் குழியில் விழாமல் காக்கிறார், மற்ற காய்களைக் கலைக்காமலும் இருக்கிறார்.

சொல்லியாகிவிட்டது. இதைப் படித்ததாலேயே இன்று மாலை யாராவது என்னை அடித்துவிடுவார்களா? மாட்டார்கள். தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதும். விரலுக்குக் கொண்டுவர மாதங்கள் ஆகும். மறைப்பவர் காப்பாற்றுவது அந்த ஒரு நிமிஷத்தை மட்டுமே. உழைப்பை யாராலும் திருடிக்கொண்டு போக முடியாது.

சொல்லிக் கொடுத்தால் ஒன்றும் குறையாது என்பதை ஸ்னூக்கர் பிறந்த கதையிலும் பார்க்கலாம். 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி தன் நண்பர்களோடு ஆடத் தொடங்கிய ஆட்டம் அது. அவர் நம் ஊட்டிக்கு மாறி வந்தபின், 1882இல் அங்குள்ள கிளப்பில் விதிகளை எழுதி எல்லோரும் படிக்க மாட்டினார். தங்கள் கூட்டத்தோடு வைத்துக்கொண்டிருந்தால் அந்தக் கூட்டத்தோடே அது போயிருக்கும். 1927 முதல் 1946 வரை உலகப் போட்டியில் தோற்காமல் 15 பட்டம் வாங்கிய ஜோ டேவிஸ், தான் ஆடும் முறையைப் புத்தகமாகவே எழுதினார். அதை வைத்துத்தான் ஸ்டீவ் டேவிஸுக்கு அவருடைய அப்பா ஆட்டம் பழக்கினார். மகன் 1980களில் ஆறு முறை உலகச் சாம்பியன். ஜோ டேவிஸின் 15 பட்டத்தில் ஒன்றுகூட இதனால் குறைந்துவிடவில்லை.

கேரமிலும் தமிழ்நாட்டுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988இல் சென்னையில்தான் தொடங்கியது. 1996இல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர். 2008இல் பிரான்சின் கான் நகரில் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னையில் ஆட்டோ ஓட்டுநரின் மகள். பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து பழகும் பயிற்சி மையத்தில் வளர்ந்தவர். வட சென்னையில் ஒரு தெருவுக்குப் பல நல்ல ஆட்டக்காரர்கள். நம் பக்கம் ஊருக்கு ஒரு கைவாக்குக்காரர். பையன்களின் விரலில் குறை ஒன்றுமில்லை; சொல்லித் தருவதில்தான் குறை.

பந்தயம் கட்டி ஆடுபவர் மறைக்கத்தான் செய்வார் என்பார்கள். உண்மை. பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரெயஸ் 1985இல் அமெரிக்கா போனபோது தன் பெயரையே மாற்றிக்கொண்டுதான் ஆடினார். பணத்துக்காக ஆடுபவரின் கணக்கு அது. டீக்கும் கைதட்டலுக்கும் ஆடுகிற நமக்கு அந்தக் கணக்கு எதற்கு? ஆட்டத்தின் நடுவே அடுத்து எந்தக் காயைக் குறிவைக்கிறேன் என்பதை முகத்தில் காட்டாமல் இருக்கலாம், அது ஆட்டம். அடிக்கும் முறையை மறைப்பது வேறு.

மறைக்காமல் கொடுத்ததால் நின்றதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. நம் ஊர்ப் பெயரை வெளியூரார் அறிந்திருப்பது சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியாரால். அவர் பாட்டு ஓலையில் இருந்தது. ஓலை நிரந்தரமில்லை; செல் அரிக்கும், ஒடியும். தலைமுறைதோறும் யாரோ ஒருவர் கேட்டு வாங்கிப் படியெடுத்திருக்கிறார், யாரோ ஒருவர் மறுக்காமல் கொடுத்திருக்கிறார். அதனால்தான் 1894இல் உ.வே.சா. புறநானூற்றை அச்சிட்டபோது மாசாத்தியார் அதில் இருந்தார். "என் ஏட்டை எவனுக்கும் தரமாட்டேன்" என்று பூட்டி வைத்த பெட்டிகளில் யார் யார் பாட்டு இருந்ததோ, இன்று சொல்ல ஆளில்லை.

இந்த வருஷத் திருவிழாப் போட்டிக்குக் கோப்பை வாங்கும் மன்றத்தாரிடம் கேட்பது ஒன்றுதான். இறுதி ஆட்டம் முடிந்ததும் பலகையை எடுத்து வைத்துவிடாதீர்கள். ஜெயித்தவரையும் தோற்றவரையும் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார வையுங்கள். ஆட்டத்தைத் திருப்பிய அடிகளை அதே காய்களை வைத்து மறுபடி அடித்துக் காட்டட்டும். பையன்கள் கேட்கட்டும். "கைவாக்கு" என்று மட்டும் யாரும் பதில் சொல்லக் கூடாது.