துப்பாக்கியில் ஒரு ‘ஜி’!

ஏகே-47 என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கிறோம். ரஷ்யர்கள் வடிவமைத்த அந்தத் துப்பாக்கியைப் பல நாடுகள் தங்கள் ஆலைகளில் செய்தன. ருமேனியாவில் 1963 மாடலுக்கு மேகசினுக்கு முன்னால் மரத்தில் இன்னொரு கைப்பிடி வைத்தார்கள். 1989 டிசம்பர் புரட்சியின்போது புக்காரெஸ்ட் தெருக்களில் எடுத்த படங்களில் அந்தக் கைப்பிடி பளிச்சென்று தெரியும்.

ஆனால் ஹங்கேரிக்காரர்களும் முன்னால் கைப்பிடி வைத்தார்கள். அதனால் கைப்பிடியை மட்டும் நம்பக் கூடாது. குழல் பொருத்தியிருக்கும் இரும்புக் கட்டையின் இடது பக்கம் பார்க்க வேண்டும். முக்கோணத்துக்குள் ஓர் அம்பு, கூடவே செய்த வருடம், எண். இருந்தால் அது குஜிர் ஆலைச் சரக்கு. 1799-ல் இரும்பாலையாகத் தொடங்கிய இடம் அது. தையல் மெஷினும் வாஷிங் மெஷினும்கூட அங்கே செய்தார்கள். ஒரே ஊரிலிருந்து வீட்டுக்கு மெஷின், ராணுவத்துக்குத் துப்பாக்கி!

அதே குஜிர் துப்பாக்கிகள் சிலவற்றில், குறி பார்க்கும் பின் கட்டையின் இடது பக்கம் ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்து வெட்டியிருக்கும். விஷயமே அதில்தான் இருக்கிறது.

1968 ஆகஸ்ட்டில் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் புகுந்தன. ருமேனிய அதிபர் சௌஷெஸ்கு அதைக் கண்டித்துப் பேசினார். அடுத்தது நாமோ என்ற பயம். தொழிலாளர்கள், விவசாயிகளைச் சேர்த்து ‘தேசபக்தக் காவல் படை’ அமைத்தார். ருமேனிய மொழியில் அதன் பெயர் ‘கர்சிலே பத்ரியோடிசே’. அதன் முதல் எழுத்துதான் அந்த ‘ஜி’.

ராணுவத்தின் துப்பாக்கியில் விசைப் பட்டைக்கு மூன்று நிலைகள். ‘எஸ்’ என்றால் பூட்டு, ‘எஃப்.ஏ’ என்றால் சடசடவென்று தொடர்ந்து சுடும், ‘எஃப்.எஃப்’ என்றால் ஒவ்வொன்றாகச் சுடும். ‘ஜி’ துப்பாக்கியில் நடு நிலை கிடையாது. மக்களிடம் துப்பாக்கி கொடுத்தார் அதிபர். ஆனால் முழுசாக நம்பிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

புரட்சிக்குப் பிறகு அந்தப் படையே இல்லாமல் போனது. மிஞ்சிய துப்பாக்கிகளில் ஏராளமானவை உதிரிபாகங்களாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. ராணுவ அமைப்பில் செய்த உடல் பகுதி அங்கே சட்டப்படி இயந்திரத் துப்பாக்கியாகிவிடும் என்பதால், அதை மட்டும் துண்டு துண்டாக வெட்டித்தான் அனுப்பினார்கள். அம்பும் வருடமும் இருந்த கட்டை தப்பித்தது. சேகரிப்பவர்கள் இன்றும் அதைப் பார்த்துத்தான் துப்பாக்கியின் வயசைச் சொல்கிறார்கள்.

எழுத்தைச் சரியாகப் படிக்காவிட்டால் ஆபத்தும் உண்டு. இதைவிடப் பழைய மோசின் நகாந்த் துப்பாக்கிகள் சிலவற்றில் ‘இன்ஸ்ட்ருக்ட்சியே’ என்று பொறித்திருக்கும். ஏதோ கம்பெனி பெயர் என்று நினைத்துவிடக் கூடாது. ‘பயிற்சிக்கு’ என்று அர்த்தம். புது வீரர்களுக்குப் பிடிக்கவும் கழற்றவும் கற்றுத் தந்து தேய்ந்துபோனவை. அனுபவமுள்ள துப்பாக்கி மெக்கானிக் பரிசோதிக்காமல் அதில் தோட்டா போடக் கூடாது. வெடித்தால் போவது சுடுகிறவரின் கண்தான்.

இன்னும் பின்னால் போனால் செக் நாட்டின் புர்னோவில் வாங்கிய வி.இசட்.24 வகைத் துப்பாக்கிகள். அவற்றின் மேல் கிரீடத்தோடு ருமேனிய மன்னர் இரண்டாம் கரோலின் முத்திரை இருந்தது. 1947 டிசம்பர் 30-ல் அவர் மகன் மிஹாய் முடி துறந்தார். கம்யூனிஸ்ட் அரசுக்குத் துப்பாக்கி வேண்டும், ராஜா வேண்டாம். அதனால் முத்திரையை மட்டும் அரைத்து எடுத்தார்கள். பல துப்பாக்கிகளில் அந்த இடம் இன்னும் வழுவழுப்பாகத் தெரிகிறது. அரைக்க மறந்த ஒன்றிரண்டு எங்காவது கிடைத்தால், சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.