‘சார் சூப்பரா நடத்துவார்’

பொறியியல் கல்லூரிகளில் ஒரு பேராசிரியருக்குக் கிடைக்கும் உச்சபட்சப் பாராட்டு இது: “சார் நடத்துனா கிளாஸ்லயே புரிஞ்சிடும், வீட்ல போய் புக்கைத் திறக்கவே வேண்டாம்.” பெற்றோர் இதை நம்புகிறார்கள், நிர்வாகம் நம்புகிறது, பாராட்டு வாங்கியவரும் நம்பிவிடுகிறார். செமஸ்டர் முடிவில் மாணவர்களிடம் வாங்கும் கருத்துப் படிவம் முழுக்க இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. தெளிவாகச் சொன்னால் கேட்பவர் தலையில் ஏறிவிடும் என்கிற இந்த நம்பிக்கை தவறு என்று காட்டி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன.

1985-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இப்ராஹிம் ஹல்லூன், டேவிட் ஹெஸ்டினஸ் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொடக்கநிலை இயற்பியல் மாணவர்களிடம் விசை, இயக்கம் பற்றிய எளிய கேள்விகளைப் பாடம் தொடங்கும் முன்பு ஒரு முறையும் முடிந்தபின் ஒரு முறையும் கேட்டார்கள். பாடம் எடுத்தவர்கள் நான்கு பேர், நால்வருமே நல்ல ஆசிரியர் என்று பெயரெடுத்தவர்கள். வகுப்பிலேயே செய்துகாட்டி விளக்குபவர் ஒருவர். அவர் சிறந்த ஆசிரியர் விருதை இரண்டு முறை வாங்கியவர். கணக்குப் போட்டுக் காட்டுவதில் ஊறியவர் ஒருவர். ஆனால் நால்வரின் மாணவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் முன்னேறியிருந்தார்கள், அதுவும் சொற்ப அளவு. விருதின் சுவடு விடைத்தாளில் இல்லை.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்திவந்த எரிக் மஸூர் இந்த ஆய்வைப் படித்துவிட்டு, தன் மாணவர்களுக்கு இது பொருந்தாது என்றுதான் நினைத்தார். யார்தான் நினைக்க மாட்டார்கள்? அதே வகைக் கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தார். ஒரு கனரக லாரியும் சிறிய காரும் மோதிக்கொள்கின்றன. எது எதன்மேல் அதிக விசை செலுத்துகிறது? நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பவர்கள்கூட லாரி என்றார்கள். ஒரு மாணவி கேட்டது இன்னும் சுவாரசியம்: நீங்கள் சொல்லித்தந்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா? இரண்டும் வேறு வேறு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பேராசிரியருக்குத்தான் தெரியவில்லை.

மஸூர் பேச்சைக் குறைத்தார். ஒரு கேள்வி போடுவார். ஒவ்வொருவரும் தனியே யோசித்து விடையைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு வேறு விடை சொன்ன பக்கத்து ஆளிடம் வாதாட வேண்டும். மறுபடி வாக்கெடுப்பு. அதற்குப் பிறகுதான் விளக்கம். வகுப்பு சந்தைக்கடை போலத்தான் இருக்கும். நம் ஊர் கல்லூரி முதல்வர் ஒருவர் அந்த வழியாகப் போனால் உள்ளே வந்து அதட்டிவிட்டுத்தான் போவார்.

தெரியாதவன் தெரியாதவனுக்கு என்னத்தைச் சொல்லித்தருவான் என்பார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தில் மரபியல் வகுப்பொன்றில் இதையே சோதித்தார்கள். 2009-இல் முடிவு வந்தது. குழுவில் ஒருவருக்கும் முதலில் சரியான விடை தெரியாதபோதுகூட, பேசியபின் அதே கருத்தில் கொடுத்த புதுக் கேள்விக்குத் தனித்தனியே சரியாக எழுதியவர்கள் கூடியிருந்தார்கள். தன் வாதத்தை வாய்விட்டுச் சொல்லும்போதுதான் அதன் ஓட்டை சொல்பவருக்கே கேட்கிறது. முப்பது வருடம் பாடம் எடுத்தவருக்கு, தான் முதன்முதலில் எங்கே தடுக்கி விழுந்தோம் என்பதே மறந்திருக்கும்.

அப்படியானால் மாணவர்கள் ஏன் லெக்சரையே கேட்கிறார்கள்? 2019-இல் ஹார்வர்டிலேயே இதற்குப் பதில் கிடைத்தது. ஒரே பாடத்தை ஒரு பிரிவு கைதேர்ந்த ஆசிரியரின் விரிவுரையாகக் கேட்டது. இன்னொரு பிரிவு குழுவாக உட்கார்ந்து மல்லுக்கட்டியது. தேர்வில் மல்லுக்கட்டியவர்களே அதிகம் எடுத்தார்கள். அதிகம் கற்றதாக உணர்ந்தவர்களோ விரிவுரை கேட்டவர்கள்! லாவகமாக பைக் ஓட்டுபவர் பின்னால் உட்கார்ந்து போவது சுகமான சவாரிதான். ஆனால் ஹேண்டிலைப் பிடித்ததும் தெரிந்துவிடும். நம் கருத்துப் படிவங்கள் அளப்பது பின்சீட்டு சுகத்தை.

‘குரூப் அசைன்மென்ட்’ என்ற பெயரில் நடக்கும் கூத்தை இதோடு சேர்க்க வேண்டாம். ஒருத்தி எழுத, மூன்று பேர் பெயர் போடுவதற்குக் கூட்டுக் கற்றல் என்று பெயரில்லை. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜான்சன் சகோதரர்களும், அவர்களுடைய முறையைப் பொறியியல் வகுப்புக்குக் கொண்டுவந்த கார்ல் ஸ்மித்தும் இரண்டு நிபந்தனைகளை அழுத்திச் சொன்னார்கள். ஒருவர் தேறாமல் மற்றவர் தேற முடியாதபடி வேலை அமைய வேண்டும். குழுவில் யாரை எழுப்பிக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். இரண்டையும் அமைக்க ஆசிரியர் வகுப்புக்கு முன்பே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். பழைய நோட்ஸை எடுத்துக்கொண்டு போய் நடத்துவது இதைவிடச் சுலபம் என்பதை நானும் மறுக்கவில்லை.

கடைசியாக வரும் ஆட்சேபம் போர்ஷன். இதையெல்லாம் செய்தால் சிலபஸ் முடியாதாம். ரிச்சர்ட் ஹேக் 1998-இல் 62 இயற்பியல் வகுப்புகளின், ஏறத்தாழ 6500 மாணவர்களின் கணக்கைத் தொகுத்தார். தொடக்கத்தில் தெரியாமல் இருந்ததில் விரிவுரை வகுப்புகள் கற்றுத்தந்தது சராசரியாக 23 சதவீதம். மாணவர்களைப் பேசவும் செய்யவும் வைத்த வகுப்புகள் 48 சதவீதம். 2014-இல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் திரட்டினார்கள். தோற்றவர்கள் விரிவுரையில் 33.8 சதவீதம், மாணவர்களைப் பேசவும் செய்யவும் வைத்த வகுப்புகளில் 21.8 சதவீதம். 60 பேர் கொண்ட வகுப்பில் 20 பேர் தோற்பதற்கும் 13 பேர் தோற்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. நடுவிலுள்ள அந்த ஏழு பேருக்கு எந்த போர்ஷனை முடித்தார் என்று சூப்பராக நடத்தும் சார் சொல்லட்டும்.