மடி கிதாரும் மரத்தின் மீதான மயக்கமும்

கையால் செய்யப்படும் இசைக்கருவி என்றவுடனேயே பேச்சு மரத்தில் போய் நின்றுவிடுகிறது. என்ன மரம், எத்தனை ஆண்டு காய்ந்தது, எந்தத் தீவில் வளர்ந்தது என்பதே விசாரணை. வாசிக்கப் போகிறவரின் கை எப்படிப்பட்டது என்று கேட்பவர்கள் அரிது. கடந்த சில மாதங்களாக ஒரு மடி கிதாரை வடிவமைத்துச் செய்துகொண்டிருந்த எங்களுக்கு, இந்த வரிசை தலைகீழானது என்றே படுகிறது. மாற்றுக் கருத்துடைய நண்பர்கள் இருக்கிறார்கள். எங்களுக்குள்ளேயே ஒருவர் இருக்கிறார். அவரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம்.

ஹவாயன் கிதார் என்றால் நம்மவர்க்கு எளிதில் விளங்கும். கருவியை மடியில் கிடத்தி, இடக்கையில் பிடித்த எஃகுத் துண்டைத் தந்திகளின் மேல் வழுக்கி வாசிப்பது. ஓவாஹு தீவின் லாயியே ஊரைச் சேர்ந்த ஜோசப் கெகுகு 1880களில் தம் பள்ளிப் பருவத்தில் இம்முறையைக் கண்டறிந்தார் என்பதே பெரும்பான்மை ஏற்கும் வரலாறு. அவர் புதிதாக ஒரு கருவியைச் செய்யவில்லை என்பது நம் கவனத்துக்குரியது. வெளியிலிருந்து வந்த கிதாரின் தந்திகளை உயர்த்தி, கட்டைகளில் தட்டாமல் எஃகு மிதக்கும்படி மாற்றினார். அதாவது முதல் மடி கிதாரே ஒரு கையின் தேவைக்காகத் திருத்தப்பட்ட கருவிதான்.

மரத்தின் புகழ் பின்னால் வந்தது. 1920களில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஹெர்மன் வைசன்போர்ன் செய்த, கழுத்துவரை உள்ளீடற்ற கிதார்களில் கோவா மரம் உண்மையிலேயே பாடியது. அங்கே பலகையே அதிர்ந்து ஒலியைத் தந்தாக வேண்டும். ஹவாய்த் தீவுகளில் மட்டுமே வளரும் அம்மரத்தின் மீதான பித்தை நாங்கள் பழிக்கவில்லை. ஆனால் மின்சாரம் நுழைந்த பிறகும் அதே பித்து தொடர்வதுதான் விந்தை.

ஏனெனில், முதல் மின் கிதார் மரத்தால் ஆனதே அன்று. ஜார்ஜ் பூஷாம் ஹவாயன் கிதார் வாசித்தவர். மேடையில் தம் கருவி கேட்கவில்லை என்பதே அவருடைய குறை. 1931இல் மாதிரி வடிவம் மேப்பிள் மரத்தில் குடையப்பட்டது உண்மைதான். ஆனால் 1932இல் விற்பனைக்கு வந்தபோது அது அலுமினியத்தில் வார்க்கப்பட்டிருந்தது. வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் 'வாணலி' என்று பெயர் பெற்றது. தந்திகளைச் சூழ்ந்து நிற்கும் இரண்டு லாடக் காந்தங்கள், அவற்றின் நடுவே ஒரு கம்பிச்சுருள். அவ்வளவே அதன் உயிர். காப்புரிமை 1937இல்தான் கிடைத்தது. மேடை விளக்கின் வெப்பத்தில் அலுமினியம் விரிந்து சுருதி கலையும் என்ற குறை இருந்தும், அந்த வாணலியின் ஒலியை நாடி இன்றுவரை ஆட்கள் அலைகிறார்கள். மரம்தான் ஒலி என்போர் இதற்கு என்ன சொல்வார்கள்?

எங்கள் நண்பரின் கதைக்கு வருவோம். இயந்திர விபத்தொன்றில் அவருடைய இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காமல் போய்விட்டன. மணிக்கட்டும் முன்போல் திரும்புவதில்லை. இருபது ஆண்டுகள் வாசித்த கிதாரைச் சுவரில் மாட்டிவிட்டார். மடி கிதாரில் எஃகைப் பிடிக்கப் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் போதும். மற்ற இரண்டும் எஃகுக்குப் பின்னால் தந்திகளின் மேல் நீட்டிப் படுத்து, வேண்டாத அதிர்வை அடக்க வேண்டும். நீட்டிப் படுப்பது அவருடைய விரல்களுக்கு இப்போது கைவந்த காரியம்! இதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார், நாங்கள் சிரிக்கவில்லை.

கடையில் கிடைத்த மடி கிதார் ஒன்றை முதலில் வாங்கித் தந்தோம். எஃகைச் சாய்த்துப் பிடிக்கும் இடங்களில் அவர் தடுமாறினார். ஒரு தந்தியில் 5ஆம் கட்டையும் இன்னொன்றில் 6ஆம் கட்டையும் ஒரே சமயத்தில் ஒலிக்க வேண்டுமென்றால் எஃகு சாய வேண்டும், அதற்கு மணிக்கட்டு திரும்ப வேண்டும். அந்தக் கருவியின் தந்தி நீளம் 25 அங்குலம். அவ்விரு கட்டைகளுக்கும் இடையே ஏறத்தாழ 27 மில்லிமீட்டர். நீளத்தை 22.5 அங்குலமாக்கினால் அதுவே 24 ஆகிவிடும். மூன்று மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். திரும்பாத மணிக்கட்டுக்கு அதுதான் விஷயம். வாணலியின் ஒரு வகைக்கும் 22.5 அங்குலமே என்பதைப் பிறகு பார்த்து மகிழ்ந்தோம்.

நீளம் குறைந்தால் அதே தந்தி அதே சுருதியில் தளர்ந்து தொங்கும். எஃகின் எடையில் குழியும். ஆகவே தடித்த தந்திகள். தலைப்பக்கம் முதல் குதிரை வரை தந்திகளின் இடைவெளி மாறாதிருக்கும்படி வைத்தோம். குவிந்து செல்லும் தந்திகளில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சாய்வு என்று மணிக்கட்டு புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். எஃகிலும் பக்கவாட்டில் பள்ளமிட்டதையே தேர்ந்தோம். மூன்று விரல் பிடிக்கு வழுக்காது. இவ்வளவும் முடிவான பிறகே மரம் பற்றிய பேச்சு எழுந்தது. இடித்த வீட்டிலிருந்து வந்த தேக்கு உத்தரம் ஒன்று கிடந்தது; வளையாமல் நேராக இருந்தது. அதுவே தகுதி என்று கொண்டோம். கோவா வேண்டுமென்ற நண்பர் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை.

மரத்தால் ஒலி மாறவே மாறாது என்று நாங்கள் சாதிக்கவில்லை. தந்தியின் இரு முனைகளும் அசையாமல் நிற்பதும், காந்தம் எங்கே எவ்வளவு நெருங்கி இருக்கிறது என்பதும் தரும் வேறுபாட்டின் முன்னால் அது சிறிது என்கிறோம். இன்னொன்று: மரத்தைப் போற்றும் மொழி, செய்பவரின் முடிவுகளை மறைத்துவிடுகிறது. பிரிஜ் பூஷண் காப்ரா ஹவாயன் கிதாரில் சுருதித் தந்தியைச் சேர்த்து ராகத்துக்கு இணங்க வைத்தார். விஸ்வ மோகன் பட் 20 தந்திகளோடு மோகன வீணையை அமைத்தார். கொல்கத்தாவின் தேபாஷிஷ் பட்டாச்சார்யா சதுரங்கி முதலான கருவிகளைத் தாமே வகுத்துக்கொண்டார். இவர்கள் எல்லாம் வாசிப்பவர்கள், ஆகவே பெயர் நிலைத்தது. உளி பிடித்தவர் யார் என்பதை எந்த இசைத்தட்டு உறையும் பொருட்படுத்துவதில்லை. நம் கோட்டுவாத்தியத்தின் கதியும் அதுவே. திருவிடைமருதூர் சகாராம ராவையும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளையும் போற்றும் ரசிகர், அவர்களுடைய கருவிகளைக் குடைந்த ஆசாரிகளைப் பற்றி ஒரு வரியும் பேசுவதில்லை. இலக்கிய இதழ்களில் எழுதும் நாமும் இந்தப் புறக்கணிப்பில் பங்காளிகள்தாம்.

செய்பவரின் முடிவு எவ்வளவு நுண்ணியது என்பதை எங்கள் தவறே கற்பித்தது. தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் எலும்புத் துண்டில், சாதாரண கிதாருக்குச் செய்வதுபோல் எல்லாப் பள்ளங்களின் அடியையும் ஒரே மட்டத்தில் வெட்டிவிட்டோம். கட்டைகளை அழுத்தும் கிதாரில் அது சரி. இங்கே எஃகு மேலிருந்து படிகிறது. சமமாக இருக்க வேண்டியது தந்திகளின் மேல்விளிம்பு. தடித்த தந்திகள் மேலோங்கி நிற்க, மெல்லியவை எஃகைத் தொடாமல் கரகரத்தன. தடித்த தந்திக்கு ஆழமான பள்ளம் என்று திருத்தப் போனதில் ஒன்று மிகுதியாக இறங்கிற்று. மூன்றாம் துண்டுதான் சரியாக அமைந்தது.

நண்பர் இப்போது மாலைகளில் வாசிக்கிறார். குதிரையின் விளிம்பு வலக்கையை உறுத்துகிறது என்றும், கருவி மடியில் ஒருபுறமாகச் சரிகிறது என்றும் குறை சொல்கிறார். எடை பார்த்ததில் தலைப்பக்கம்தான் பாரம். சுருதி முறுக்கிகளை இலகுவானவையாக மாற்றலாம், அல்லது உடலைச் சற்று நீட்டலாம். உத்தரத்தில் இன்னும் ஒரு கருவிக்கான மரம் மிச்சமிருக்கிறது. கோவா நண்பர் அதில் கோடு போட ஆரம்பித்துவிட்டார்.