வீட்டுப் பட்டறை: கேட்டுக்கு கிரைண்டர், கதவுக்கு சாண்டர்

கேட் துரு பற்றி எழுதியபோது, “கையால் சுரண்ட முடியாத இடத்துக்கு கிரைண்டர் போடுங்கள்” என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். “எந்த கிரைண்டர் சார், மாவு ஆட்டுறதா?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கிண்டல்தான். ஆனால் வேறு நாலைந்து பேர் கிண்டல் இல்லாமலே கேட்டிருக்கிறார்கள். ஆன்லைனில் மிஷினை வாங்கிவிட்டார்களாம், பெட்டியைப் பிரிக்கத்தான் பயமாக இருக்கிறதாம்.

அந்தப் பயத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வாங்கும் 4 இன்ச் கிரைண்டரில் வீல் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். கணக்குப் போட்டால், வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. வீல் உடைந்தால் துண்டும் அந்த வேகத்தில்தான் பறக்கும்.

முதலில் கண். பல வருடங்களுக்கு முன் மாடிப்படிக் கைப்பிடியில் வெல்டிங் பிசிறைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பவர் கண்ணாடி போட்டிருக்கிறோமே, போதும் என்று நினைப்பு. பக்கவாட்டில் ஏதோ புகுந்தது. சாயங்காலம் வரை மணல் விழுந்த மாதிரி உறுத்தல். ராத்திரி கண்ணைத் திறக்க முடியவில்லை. மறுநாள் காலையில் டாக்டர் மரத்துப்போக சொட்டு மருந்து விட்டு ஒரு புள்ளியை எடுத்தார். “இன்னும் முடியலை, துரு இருக்கு” என்றார். கருவிழியில் ஒட்டிய இரும்புத்தூள் சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்க ஆரம்பித்துவிடுமாம். தூளை எடுத்தாலும் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம் நிற்கும். அதைத் தனியாகச் சுரண்ட வேண்டும். கைப்பிடிக்கு பெயிண்ட் அடிக்கப் போனவன் கண்ணில் துரு சுரண்டிக்கொண்டு வந்தேன். பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி சில நூறு ரூபாய்தான். அதன் மேல் முகத்தை மறைக்கும் ஷீல்டும் இருந்தால் இன்னும் நல்லது. தூள் விழுந்துவிட்டால் கசக்காதீர்கள். பட்டறைகளில் பக்கத்து ஆள் தீக்குச்சி முனையால் எடுத்துவிடுவார். அந்த வைத்தியத்துக்குக் கண்ணைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, வீலை மூடியிருக்கும் அரைவட்டத் தகடு. கார்டு என்பார்கள். நம் ஊரில் பத்து மிஷினைப் பார்த்தால் பாதியில் இது இருக்காது. “மூலைக்குள்ள போகாது சார்” என்று கழற்றி வைத்துவிடுவார்கள். மூலைக்குள் போகாவிட்டால் அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளலாம். தகட்டின் மூடிய பக்கம் எப்போதும் உங்களைப் பார்த்தபடி இருக்கட்டும்.

இன்னொரு பழக்கம் அதைவிட மோசம். அதே கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டுவது. மரத்தில் பல் சிக்கினால் மிஷின் கையை விட்டுத் துள்ளும். துள்ளும் திசையில் தொடையோ கழுத்தோ இருக்கும். கடையில் விற்கிறார்களே என்பீர்கள். விற்கட்டும், நாம் வாங்க வேண்டாம்.

வீல் விஷயத்துக்கு வருவோம். மெல்லியது கட்டிங் வீல், விளிம்பால் அறுக்க மட்டும். அதைச் சாய்த்துப் பக்கவாட்டில் தேய்த்தால் உடையும். தடித்தது கிரைண்டிங் வீல். பிசிறு, வெல்டிங் மேடு எடுக்க ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் பிடிக்க வேண்டும். உப்புத்தாள் இதழ்களை விசிறி மாதிரி அடுக்கியது ஃப்ளாப் டிஸ்க். கேட் துருவுக்கு இதுதான் என் கட்சி. கிட்டத்தட்டப் படுக்கையாக வைத்து, அழுத்தாமல் நகர்த்தினாலே போதும். பூவேலைக் கம்பிகளுக்கு இடையில் கம்பி பிரஷ் நன்றாக வேலை செய்யும். ஆனால் அதன் கம்பிகள் ஊசி மாதிரி கழன்று பறக்கும், முழுக்கைச் சட்டை அவசியம்.

எந்த வீலிலும் அதிகபட்ச சுற்று வேகம் அச்சிட்டிருக்கும். அது மிஷினின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பல வீல்களில் நடு வளையத்தில் காலாவதித் தேதியும் இருக்கும், மாத்திரைப் பட்டையில் பார்ப்பது போல அதையும் பாருங்கள். கீழே விழுந்த வீலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். புது வீலை மாட்டியதும் ஆள் இல்லாத பக்கமாகப் பிடித்து ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள். மாட்டுவது, கழற்றுவது எல்லாம் பிளக்கைப் பிடுங்கிய பிறகு. (பிளக்கே இல்லாமல் ஒயரை சாக்கெட்டில் தீக்குச்சி வைத்துச் சொருகுகிறவர்கள் இந்தப் பத்தியை இத்துடன் மூடிவிடலாம்.)

பக்கக் கைப்பிடியை மாட்டி, இரண்டு கையாலும் பிடியுங்கள். வீல் சுற்றும் கோட்டுக்கு நேராக நிற்காமல் சற்று ஒதுங்கி நில்லுங்கள். பைப் அறுக்கும்போது இரண்டு முனைக்கும் கட்டை கொடுத்து நடுவில் அறுத்தால், பைப் தொய்ந்து வீலைக் கவ்விக்கொள்ளும். அறுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கட்டை கொடுங்கள். அறுபடும் துண்டு தானாகக் கீழே விழ இடம் விடுங்கள். லுங்கி, துப்பட்டா, கழுத்துத் துண்டு, விரித்த தலைமுடி எதுவும் பக்கத்தில் வேண்டாம். நைலான் துணியில் பொறி பட்டால் உருகி ஒட்டும். ஸ்விட்சை அணைத்த பிறகும் வீல் சில விநாடிகள் ஓடும், நின்ற பிறகு கீழே வையுங்கள்.

துரு போய் வெள்ளை இரும்பு தெரிந்ததும் டீ குடிக்கப் போய்விடாதீர்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் அன்றைக்கே, முடிந்தால் அடுத்த சில மணி நேரத்திலேயே பிரைமர் அடித்துவிட வேண்டும்.

இனி கதவு. மரத்துக்கு கிரைண்டர் வேண்டாம். ஃப்ளாப் டிஸ்க் ஒரே விநாடியில் பள்ளம் தோண்டிவிடும். வட்ட உப்புத்தாள் ஒட்டும் ஆர்பிட்டல் சாண்டர்தான் சரி. இதில் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்றுதான்: அழுத்துவது. அழுத்தினால் சுற்று குறைந்து, மரத்தில் சின்னச் சின்னச் சுருள் கோடுகள் விழும். பாலிஷ் போட்ட பிறகுதான் அவை பல்லைக் காட்டும். மிஷினின் எடையே போதும். விநாடிக்கு ஒரு இன்ச் அளவுக்கு நகர்த்துங்கள்.

80-இல் தொடங்கி, 120, பிறகு 180. நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்தைய தாளின் கீறல் போகாது. ஒவ்வொரு தாளுக்கும் முன் மரத்தில் பென்சிலால் லேசாகக் கிறுக்கிவிடுவேன். கிறுக்கல் முழுக்க மறைந்தால் அந்தத் தாளின் வேலை முடிந்தது. ஓரம், வளைவு, செதுக்கு வேலைப்பாடு எல்லாம் கையால்தான், மர ரேகை ஓடும் திசையிலேயே. இரும்பு தேய்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாண்டரின் தூசிப் பையை வைக்காதீர்கள். மரத்தூளுக்கு ஒரு பொறி போதும்.

மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. தேக்குத்தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் தரும். கொரோனா காலத்து N95 பீரோவில் மிச்சம் இருந்தால் எடுத்து மாட்டுங்கள்.

பழைய வீட்டுக் கதவு என்றால் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். வீட்டு பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். தாத்தா காலத்துப் பச்சை எனாமலில் ஈயம் எவ்வளவு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதைச் சாண்டரால் உலர்வாகத் தேய்த்தால் வீடு முழுக்க ஈயத்தூள்தான். தவழும் குழந்தை தரையைத் தொட்டுத்தான் விரலை வாயில் வைக்கும். வளரும் மூளைக்கு ஈயம் ஆகவே ஆகாது. கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டிலும் கவனம் வேண்டும். அந்தக் கதவுக்குச் சாண்டர் வேண்டாம். பெயிண்ட் ரிமூவர் தடவி ஊறவைத்து வழித்தெடுங்கள். மிச்சத்தை வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். கீழே விரித்த பிளாஸ்டிக் ஷீட்டைத் தூளோடு சுருட்டிக் கட்டிவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலை செய்த உடையோடு பேத்தியைத் தூக்காதீர்கள். குளித்துவிட்டுத் தூக்கலாம், அவள் எங்கேயும் போய்விட மாட்டாள்.