ஃபேவர் லூபாவும் ஒன்பதாயிரம் மீட்டர் மலையும்

மக்களே, இது வாட்ச் பத்தின பதிவு. பிடிக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடுங்க. கொஞ்சம் கொசுவத்தி சுத்தல், நிறைய வசவு :-)

ஃபேவர் லூபா. பிரெஞ்சுல அதை அப்படிச் சொல்லக்கூடாதுன்னு யாராவது திருத்த வருவாங்க. வரட்டும். எங்க திருத்தணி பஜார்ல அது ஃபேவர் லூபாதான். 1737-ல சுவிட்சர்லாந்தில் லெ லோக்ல் என்ற ஊரில் ஆரம்பிச்ச பேர். 1865-லேயே பம்பாய்க்கு வந்து கடை விரிச்சுட்டாங்க. ஆனா நம்மாளுங்க மனசுல பதிஞ்சது 1960, 70-கள்ல. சீ சீஃப், சீ கிங். சாவி கொடுக்கிற வாட்ச். 34, 35 மில்லிமீட்டர் அகலம், வெள்ளை டயல், மெல்லிசா ரெண்டு முள்ளு, அவ்வளவுதான். அரக்கோணத்துக்கு வண்டி ஏறிப்போன ரயில்வேக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, இவங்க கையில பார்த்த சாமான் அது. என் பெரியப்பா காலையில பல் விளக்கினதும் அதுக்குச் சாவி கொடுத்துட்டுத்தான் காபியைத் தொடுவார். சீப்பான பொருள்னு சொல்ல வரலை. மாசச் சம்பளக்காரன் மூச்சைப் பிடிச்சு சேர்த்து வெச்சா வாங்க முடிஞ்ச பொருள். இந்த ஒரு வரியை ஞாபகம் வெச்சுக்கங்க, சண்டையே இதுலதான்.

அப்புறம் குவார்ட்ஸ் வந்துச்சு, சுவிட்சர்லாந்தில் பாதிக் கம்பெனி படுத்துருச்சு. 1985-ல ஃபேவர் லூபா குடும்பமும் கையை விட்டுருச்சு. இந்தியாவுக்கு குவார்ட்ஸை வீடு வீடாக் கொண்டுபோனது யாரு? நம்ம டைட்டன். 1984-ல டாடாவும் தமிழ்நாடு அரசோட டிட்கோவும் சேர்ந்து ஆரம்பிச்சது, ஓசூர்ல ஃபேக்டரி. சாவி கொடுக்கிற வாட்சை நம்ம கையிலிருந்து கழட்ட வெச்ச அதே டைட்டன்தான் 2011-ல ஃபேவர் லூபா பேரை 20 லட்சம் யூரோவுக்கு, அதாவது கிட்டத்தட்ட 14 கோடி ரூபாய்க்கு வாங்குச்சு. டைட்டன்ல டிட்கோ பங்கு 27.88 சதவீதம். கணக்குப் பார்த்தா அந்தப் பேர்ல கால்வாசிக்கு மேல உங்களுக்கும் எனக்கும் சொந்தம்ங்கண்ணா!

வாங்கினாங்களே, என்ன செஞ்சாங்க? 2016-ல ரெய்டர் ஹார்பூன்னு ஒண்ணை இறக்கினாங்க. 46 மில்லிமீட்டர். 500 மீட்டர் ஆழம் தாங்கும். அடுத்த வருஷம் பிவோக் 9000. 48 மில்லிமீட்டர், டைட்டானியம், 9000 மீட்டர் உயரம் வரைக்கும் அளக்கும். விலை லட்சங்கள்ல. பொறியியலை நான் குறை சொல்ல மாட்டேன். 1962-லேயே பிவோக்னு உயரம் காட்டுற கைக்கடிகாரம் போட்ட கம்பெனி அது, அந்தக் கதையைத் தொடர்றோம்னா சரிதான். ஆனா யாருக்கு? எவரெஸ்ட்டே 8849 மீட்டர்தான். எங்க தணிகை மலைக்கு 365 படி, வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழாவுக்கு ஏறுற கூட்டத்துக்கு உயரமானி எதுக்கு சாமி? பன்னெண்டு எப்ப அடிக்கும்னு தெரிஞ்சாப் போதும்.

சரி, கம்பெனியை விடுங்க. நம்ம வாட்ச் பைத்தியங்கள் (அடியேனும் உண்டு) என்ன சொல்லிக் கொதிச்சாங்க? "சைஸ் பெருசு." "ஒரே முள்ளு வெச்சா மணி எப்படிப் பார்க்கிறது?" "பழைய லோகோ மாதிரி இல்லை." எல்லாம் மில்லிமீட்டர் சண்டை. ஸ்கேலை எடுத்துக்கிட்டு கிளம்பிட்டாங்க. 48-ஐ 38 ஆக்கியிருந்தா எல்லாரும் கையைத் தட்டியிருப்பாங்க. இது என் கற்பனை இல்லை, பின்னாடி நடந்தே போச்சு.

2023-ல டைட்டன் பேரைக் கைமாத்தி விட்டுருச்சு. வாங்கினது இன்னொரு இந்தியக் கூட்டம், சண்டிகர் பக்கத்து ஈதோஸ் குழுமம். 2024 ஆகஸ்ட்ல ஜெனீவாவில் சீஃப், சீ ஸ்கை, டீப் ப்ளூன்னு மூணு வரிசை இறக்கினாங்க. அளவு 40-ஐ ஒட்டி. பழைய டிசைன் சாயல், அழகாவும் இருக்கு. உடனே நம்ம கோஷ்டி, "ஆகா, தாத்தா வாட்ச் திரும்பி வந்துருச்சு!" யோவ், எந்த தாத்தாய்யா லட்சத்துக்கு மேல கொடுத்து வாட்ச் கட்டினார்? இன்னிக்கு அரக்கோணம் ஷெட்ல வேலைக்குச் சேர்ற பையன் ரெண்டு மூணு மாசச் சம்பளத்தை முழுங்கக் கொடுத்தாலும் கைக்கு எட்டாது. தாத்தா கையில இருந்தது டிசைன் மட்டுமா? வாங்க முடிஞ்சதும், ரிப்பேர் பண்ண முடிஞ்சதும் சேர்த்துதானே அந்த வாட்ச்!

ரிப்பேர்னதும் ஞாபகம் வருது. எங்க பஜார்ல கண்ணுல லூப் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற அண்ணன் ஒருத்தர், பழைய சீ சீஃப் போனா பதினஞ்சு நிமிஷத்துல பிரிச்சு மேஞ்சுடுவார். "இதுக்கு ஆயில் போட்டா இன்னும் இருபது வருஷம் ஓடும் தம்பி" என்பார். புது ஃபேவர் லூபா படம் காட்டினேன். கையில வாங்கிப் பார்த்துட்டு, "இது நம்ம டேபிளுக்கு வராதுப்பா" என்று சொல்லிட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டார். நாப்பது பக்க விமர்சனம் எழுதுற ஆர்வலர் ஒருத்தராவது இப்படி ஒரு வரி எழுதினாரா?

"சுவிஸ் மேடுன்னு போட்டா செலவு ஆகும், உனக்கென்ன தெரியும்"னு ஒரு குரூப் வரும். தெரியும் சாமி. 2017-லேர்ந்து செலவில் 60 சதவீதம் சுவிட்சர்லாந்திலேயே ஆகணும், அப்பதான் அந்த முத்திரை. அப்ப முத்திரையை விட்டுத்தொலைங்க, என்ன இப்ப? ஓசூர்ல டைட்டனே தானா ஓடுற இயந்திரம் செய்யுது, அது உள்ள இருக்கிற வாட்ச் ஆயிரக்கணக்கு விலையில கிடைக்குது. கையில பேரும் இருந்துச்சு, ஃபேக்டரியும் இருந்துச்சு, பேரைக் கேட்டதும் கண்ணு கலங்குற ஜனமும் இருந்துச்சு. மூணையும் சேர்த்து ஓசூர்ல ஒரு சாவி கொடுக்கிற சீ சீஃப் போட்டிருக்கலாம், இருபதாயிரத்துக்கு. அந்த 2016 ஜனவரியில்தான் எச்.எம்.டி வாட்ச் கம்பெனியை மூடறதுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு. மிச்ச ஸ்டாக்குக்கு ஜனங்க எப்படிப் பறந்தாங்கன்னு பார்த்தோமே! சாவி கொடுக்கிற வாட்சுக்கு ஆள் இல்லைன்னு யாரும் சொல்ல முடியாத வருஷம் அது. அந்த வருஷம் பார்த்து நம்மாளுங்க நடுக்கடல்ல ஈட்டி எறியப் போயிட்டாங்க.

ஈதோஸ்காரங்க மேல எனக்குக் கோபம் கம்மி. ஆடம்பர வாட்ச் விக்கிறதே அவங்க தொழில், அதை மறைக்கவும் இல்லை. கோபமெல்லாம் பாரம்பரியம் பாரம்பரியம்னு பஜனை பாடிக்கிட்டு விலைச்சீட்டைப் பார்க்காத நம்ம கோஷ்டி மேலதான். விளம்பரத்துல ஆல்ப்ஸ் மலையும் கடலடியும் வருது. சீ சீஃப் கட்டிக்கிட்டு பாசஞ்சர் வண்டியில தொங்கிப்போன மனுஷன் எங்கய்யா வர்றான்?

டிஸ்கி: பழைய சீ சீஃப் தேடுறவங்களுக்கு. ஆரஞ்சு, கிளிப்பச்சைன்னு பளபளா டயலோட வர்றதை எல்லாம் நம்பாதீங்க. டயலுக்கு மறுபடி பெயிண்ட் அடிச்சு விக்கிற 'பம்பாய் ஸ்பெஷல்' நிறைய சுத்துது. எழுத்து தடிமனா, கோணலா இருந்தா, 6-க்குக் கீழே ஸ்விஸ் மேடு எழுத்து காணாமப் போயிருந்தா, ஓடிருங்க. பின்மூடியைத் திறந்து இயந்திரத்துல பேர் பொறிச்சிருக்கான்னு பார்த்துட்டே காசைக் கொடுங்க. திறந்து காட்ட மாட்டேன்னு சொல்ற ஆள்கிட்ட வாங்கவே வாங்காதீங்க.