சிப்பிகாட்டின் சாலையோரச் சதுப்பு

அந்தமானுக்குப் பறவை பார்க்க வருவோர் பலரின் கையில் ஒரு பட்டியல் இருக்கும். உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காத 20க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழ்வதால், அப்பட்டியல் நீளமாகவே இருக்கும். அந்தமான் மரங்கொத்தி, அந்தமான் கரிச்சான், அந்தமான் பாம்புக்கழுகு எனப் பெயர்களைக் குறித்துக்கொண்டு அவர்கள் சிடியா டாப்புக் காட்டிற்கு விரைவர். தேர்ந்த கண்களுக்கு அது தக்க இடமே. பறவை நோக்கலை அன்றுதான் தொடங்கும் மாணவருக்கோ அக்காடு ஏமாற்றத்தையே தரும். குரல் கேட்கும், இலை அசையும், பறவை தெரியாது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம் என்று திரும்பியவர் மறுபடியும் தொலைநோக்கியைத் தொடுவது அரிது.

தொடங்குவோர் முதலில் போக வேண்டிய இடம் வெட்டவெளியான ஈரநிலம். தென் அந்தமானில் அத்தகைய இடத்தைத் தேடி நெடுந்தொலைவு செல்லத் தேவையில்லை. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் நகரிலிருந்து சிறிது நேரப் பேருந்துப் பயணத்தில் சிப்பிகாட் வந்துவிடும். அங்கே சாலையின் ஓரத்திலேயே நீர் பரந்து கிடக்கிறது. நுழைவுச்சீட்டு, படகுப் பயணம், வழிகாட்டி எவையும் வேண்டா. பேருந்தில் நாள்தோறும் அவ்வழியே செல்லும் பலர் அதைத் தேங்கிய நீர் என்று எண்ணிக் கடந்து போகின்றனர். அந்த எண்ணம் தவறானது. தீவுகளின் அண்மைக்கால வரலாற்றில் மிகப் பெரிய நிகழ்ச்சி ஒன்றின் தடம் அந்நீர்ப்பரப்பு.

2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் சுமத்ராவின் அருகே கடலடியில் தோன்றிய நிலநடுக்கம், அந்தமான் தீவுகளின் நிலத்தையே சாய்த்துவிட்டது. வடக்கு அந்தமானின் மேற்குக் கரை மேலெழுந்தது. அங்கே பவளப்பாறைகள் நீருக்கு வெளியே வந்து மடிந்தன. தென் அந்தமானோ ஏறத்தாழ 1 மீட்டர் தாழ்ந்தது. ஆழிப்பேரலை வந்து திரும்பிச் சென்றது. தாழ்ந்த நிலம் மீளவில்லை. முன்பு கரையோடு நின்ற ஓதநீர் அதன் பின்னர் நாளுக்கு இருமுறை ஓடைகளின் வழியே வயல்களுக்குள் ஏறியது. நெல் விளைந்த மண் உவர்ப்பாயிற்று. தென்னையும் கமுகும் நின்றபடியே பட்டுப்போயின. பல மாநிலங்களிலிருந்து வந்து காடு திருத்திக் கழனியாக்கிய குடும்பங்கள், தம் வரப்புகள் நீருக்கடியில் இருப்பதைப் பார்த்து நின்றன. சிப்பிகாட்டின் இன்றைய ஈரநிலம் அவ்வாறு பிறந்தது. அங்கே பறவை பார்க்க நிற்பவர் ஓர் உழவரின் இழப்பின் ஓரத்தில் நிற்கிறார் என்பதை அறிந்து நிற்பது நல்லது.

மனிதர் விட்டு நீங்கிய வயலுக்குப் பறவைகள் வந்தன. உவர்நீரும் மழைநீரும் கலந்த சேற்றில் மீன்குஞ்சு, நத்தை, புழு, நண்டு எனப் பலவும் பெருகின, கோரை வளர்ந்தது. அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் விடியற்பொழுதில் செல்லும் தொடக்கநிலை நோக்கர், நின்ற இடத்திலிருந்தே பல இனங்களைத் தெளிவாகக் காண்பார். ஊதாவும் நீலமும் கலந்து மின்னும் உடலும் செந்நிற அலகும் கொண்ட நீலத் தாழைக்கோழி, நீண்ட விரல்களால் கோரைத் தண்டைப் பற்றி உண்ணும். சீழ்க்கைச் சிறகிகள் விசில் ஊதுவது போன்ற ஒலியுடன் கூட்டமாக எழும். வெண்ணிற மார்பும் கரிய முதுகும் உடைய கம்புள்கோழி, வாலைத் துடிக்கவிட்டுப் புதரோரம் நடக்கும். சில நேரங்களில் எல்லாப் பறவைகளும் ஒரே கணத்தில் பதறி எழும். அப்போது தலைக்கு மேலே பார்த்தால் வெண்வயிற்றுக் கடற்கழுகு வட்டமிட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

பெயரை உடனே சொல்லிவிட வேண்டும் என்னும் ஆவல் தொடக்கத்தில் எவருக்கும் எழும். அதை அடக்குவதே முதற்பயிற்சி. அலகைப் பார்ப்பது அடுத்தது. ஒரே சேற்றில் பத்துப் பறவைகள் சண்டையின்றி மேய்வதன் காரணம் அலகில்தான் இருக்கிறது. சைபீரியாவின் பனிவெளியில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்திற்கு இங்கே வரும் பொன்னிற உப்புக்கொத்திக்கு அலகு குட்டை, கண் பெரிது. அது சில அடி ஓடும், நிற்கும், சேற்றின் மேற்பரப்பில் தெரியும் இரையைச் சட்டென்று கொத்தும். ஊசிவால் உள்ளானின் அலகோ நேராக நீண்டது. அதன் நுனி தொட்டறியும் உணர்வு மிக்கது. கண்ணுக்குத் தெரியாத புழுவை அது சேற்றின் உள்ளே துழாவி எடுக்கும். கொக்கு அசையாமல் நின்று ஆழமற்ற நீரில் குத்தும். மீன்கொத்தி கம்பியில் அமர்ந்து பாயும். இவ்வளவையும் ஒரு மணி நேரம் நின்று பார்த்தவர் ஒரு பெயரும் அறியாமல் திரும்பினாலும், பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்தவரைவிட மிகுதியாகக் கற்றிருப்பார். ஒளிப்படக் கருவியை முதல் நாளிலேயே தூக்கிச் செல்வது இந்தக் கற்றலைக் கெடுக்கும். படம் கிடைத்தவுடன் கண் ஓய்ந்துவிடுகிறது. எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் எளிய தொலைநோக்கி, கோடிட்ட குறிப்பேடு, எழுதுகோல் ஆகியவை போதும். தொலைநோக்கி இல்லையென்றாலும் குறையில்லை. இங்கே பறவைகள் அருகிலேயே இருக்கின்றன. சாலையை விட்டு நீருக்குள் இறங்குவது மட்டும் கூடவே கூடாது. அந்தமானின் ஓடைகளிலும் கழிமுகங்களிலும் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன.

குறிப்பேட்டை எந்த மொழியில் எழுதுவது என்னும் கேள்வி, தமிழகத்திற்கு வெளியே வளரும் பிள்ளைகளுக்கு உண்டு. பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், வீட்டில் தமிழும் வழங்கும் சூழலில் பறவையின் பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே மனத்தில் பதிகிறது. அதைப் பிழை என்று சொல்வதற்கில்லை. எனினும், தமிழ்ப் பெயர்கள் தொடக்கநிலை நோக்கருக்கு ஓர் உதவியைச் செய்கின்றன. வாலாட்டி, மீன்கொத்தி, கரண்டிவாயன், முக்குளிப்பான் ஆகிய பெயர்களே எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிவிடுகின்றன. இப்பெயர்களை வைத்தவர்கள் நீர்க்கரையில் நின்று நெடுநேரம் பார்த்தவர்கள்.

பாட்டி தாத்தாவின் ஊரில் ஏரிக்கரையில் கேட்ட பெயர்கள் சிப்பிகாட்டிலும் பொருந்துவது ஒரு சிறு வியப்பு. உழைப்பைத் தேடி ஊர் விட்டு வந்தோருக்கும் பறவைக்கும் தமிழில் பழைய உறவு ஒன்று உண்டு. வறுமையால் ஊரை விட்டு வந்து மதுரையில் குளிரில் வாடிய சத்திமுத்தப் புலவர், வானில் சென்ற நாரையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பினார். அப்பாடலில் நாரையின் அலகு பிளந்த பனங்கிழங்கு போன்றது என்கிறார்; அலகின் நிறத்தையும் காலின் நிறத்தையும் சொல்கிறார்; அது தெற்கே சென்று வடக்கே மீள்வதையும் குறிக்கிறார். வடிவம், நிறம், வலசைத் திசை மூன்றும் அதில் அடங்கியுள்ளன. இன்றைய நோக்கர் குறிப்பேட்டில் எழுத வேண்டியவையும் இவையே.

சிப்பிகாட்டின் சிறப்பு விருந்தாளி மாலையில் வருவது. பழுப்பு நிற உடலும், கண்ணைச் சுற்றி வெண்ணிற வளையமும், வெளிறிய தொண்டையும் கொண்ட அந்தச் சிறு வாத்தை அந்தமான் சிறகி என அழைக்கலாம். 1873ஆம் ஆண்டில் ஆலன் ஹியூம் என்னும் பறவையியலாளர் அதை அறிவியல் உலகிற்கு விவரித்து, வெண்தொண்டை என்னும் பொருள்படப் பெயரிட்டார். அந்தமான் தீவுகளையும் அவற்றிற்கு வடக்கேயுள்ள கோக்கோ தீவுகளையும் தவிர அதற்கு வேறு இருப்பிடம் இல்லை. உலகம் முழுவதிலும் அதன் தொகை சில ஆயிரங்களைத் தாண்டாது. பகலில் அலையாத்திக் காட்டின் ஓடைகளிலும் கடலோரப் பாறைகளிலும் ஓய்ந்திருந்து, பொழுது சாய்ந்தபின் நன்னீர்க் குட்டைகளையும் நெல்வயல்களையும் நாடி இரை தேடுவது அதன் வழக்கம். மரப்பொந்தில் முட்டையிடும். பட்டியலோடு காட்டிற்கு ஓடுவோர் தேடும் அரிய பறவைகளுள் ஒன்று, இவ்வாறு பேருந்துச் சாலையின் ஓரத்திலேயே இறங்குகிறது.

அந்தச் சிறகி நெல்வயலிலும் மேய்ந்த பறவை என்பது கருதத்தக்கது. சிப்பிகாட் போன்ற நிலங்களைப் பற்றி இருவகைக் கருத்துகள் சொல்லப்படுவதுண்டு. மண்கொட்டி மேடாக்கி மனிதருக்கே பயன்படுத்த வேண்டும் என்பது ஒன்று. பறவைகளுக்கு விட்டுவிட்டு மனிதர் ஒதுங்க வேண்டும் என்பது மற்றொன்று. முதற்கருத்தின் விளைவைச் சென்னை அறியும். பள்ளிக்கரணைச் சதுப்பு நெடுங்காலம் பயனற்ற நிலமாகக் கருதப்பட்டது, குப்பை கொட்டப்பட்டது, கட்டடங்களால் சுருங்கியது. மழைநீரை வாங்கிக்கொள்ளும் இடம் குறைந்த பின்னரே அதன் அருமை விளங்கியது. எஞ்சிய பகுதி 2022ஆம் ஆண்டில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டாம் கருத்திற்கு வேடந்தாங்கல் விடை சொல்கிறது. அங்கே பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகப் பாய்கிறது. அதனால் ஊர்மக்களே பல தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்து வந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், துப்பாக்கி ஏந்தி வந்தோரைத் தடுக்கக் கலெக்டரிடம் முறையிட்டு உரிமையும் பெற்றனர். மனிதர் ஒதுங்கியதால் வேடந்தாங்கல் பிழைக்கவில்லை. அவர்கள் அருகிலேயே இருந்ததால் பிழைத்தது.

சிப்பிகாட்டின் உழவர் வேடந்தாங்கல் உழவரைப் போல நன்மை பெற்றவர் அல்லர்; நிலத்தை இழந்தவர். எனவே பறவைக்காகப் பேசுவோர் அவரை மறந்து பேசுவது நேர்மையாகாது. நிலம் இழந்தவருக்கு உரிய ஈடும் மாற்று வாழ்வும் கிடைக்க வேண்டும். அதைக் காரணம் காட்டி, கடல் மீட்டுக்கொண்ட நிலத்தில் மண்ணைக் கொட்டினாலும் பழைய கழனி திரும்பாது. நீர் வேறொருவர் வீட்டு வாசலைத் தேடிச் செல்லும். ஓதநீரை வாங்கிக்கொள்ள ஓர் இடம் தாழ்ந்த தீவிற்குத் தேவை. அந்த இடத்தில் சிறகியும் மேயட்டும் என்பது பெரிய சலுகை அன்று.

இவ்வழக்கில் தொடக்கநிலை நோக்கரும் ஒரு சாட்சி. சாலையோர நீர்நிலையை எவரேனும் வெற்றிடம் என்று கூறும்போது அதை மறுக்க எண்ணிக்கை வேண்டும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதத்தில் நடைபெறுகிறது. அதில் ஆர்வலர்களும் பங்கேற்கின்றனர். தமிழகத்தில் பொங்கல் விடுமுறையிலும் பறவைகளை எண்ணுகின்றனர். அந்தமானில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளும் பொங்கலன்று கரும்போடு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லலாம். நாள், நேரம், ஓதம் ஏறுகிறதா வடிகிறதா என்பது, கண்ட பறவை, எண்ணிக்கை ஆகியவற்றை எழுதினால் போதும். பெயர் தெரியாத பறவைக்குப் படம் வரைந்து அலகின் நீளத்தைக் காட்டலாம். ஒரு பறவையும் வராத நாளையும் குறிக்க வேண்டும். ஒரே இடத்தில் ஐந்து ஜனவரிகள் இவ்வாறு எழுதப்பட்ட குறிப்பேடு, ஒரு நாள் மட்டும் வந்து செல்லும் வல்லுநரிடம் இருக்காது.

ஜனவரியில் சிப்பிகாட்டில் மாலை 5 மணியைச் சற்றே கடந்ததும் கதிரவன் மறைந்துவிடும். சிறகிகள் வரத் தொடங்குவது அந்த வேளையில்தான். வெளிச்சம் குறையக் குறைய அவற்றை எண்ணுவது கடினமாகும். ஆகவே ஒருவர் எண்ணிச் சொல்ல, மற்றவர் எழுதுவது வசதி.