இறால் கம்பெனிக்கு இலாகாவே துணை

மில் தோழர்களிடம் ஒரு கேள்வி. சோதனைக்கு வரும் பாக்டரி இன்ஸ்பெக்டரிடமே, "இந்த வருஷம் இத்தனை பேல் நூல் ஏற்றுமதியாக வேண்டும், அதற்கு நீரே பொறுப்பு" என்று சர்க்கார் உத்தரவு போட்டால் என்ன ஆகும்? இயந்திரத்துக்குத் தடுப்பு இருக்கிறதா என்று பார்ப்பாரா, பேல்களை எண்ணுவாரா?

கடற்கரையில் இதுதான் நடக்கிறது. 2020ல் மத்திய சர்க்கார் தொடங்கிய மீன்வளத் திட்டம், 2024-25க்குள் மீன் ஏற்றுமதியை ஒரு லட்சம் கோடி ரூபாயாக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. ஏற்றுமதிப் பணத்தில் பெரும்பங்கு இறாலுடையது. திட்டத்தை நடத்துவது மீன்வள அமைச்சகம். இறால் பண்ணைகளைப் பதிவு செய்து, கண்காணித்து, தவறு செய்தால் தண்டிக்க வேண்டிய கடலோர மீன்வளர்ப்பு ஆணையமும் அதே அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது!

இதன் பலனை நாகைப் பக்கத்து விவசாயத் தொழிலாளர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நெல் விளைந்த நிலத்தைத் தோண்டி உப்புநீரை நிரப்பினார்கள். பக்கத்து வயல் உவர்ந்தது. கிணற்று நீர் கரித்தது. நடவு, களை, அறுப்பு என்று சேரியே கூலி பெற்ற நிலத்தில் இரண்டொரு காவல்காரருக்குத்தான் வேலை மிஞ்சியது. காந்தியவாதி ஜகந்நாதன் 1994ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். (அவர் வழி வேறு, ஆனால் நியாயத்தைக் கேட்டவரை மறைக்கக் கூடாது.)

1996 டிசம்பர் 11ந் தேதி தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் உள்ள பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் இடிக்க வேண்டும். வேலையிழக்கும் தொழிலாளிக்கு ஆறு வருஷச் சம்பளம் நஷ்டஈடாகத் தர வேண்டும். ஆறு வருஷம்! எந்த மில் கதவடைப்பில் நமக்கு அது கிடைத்திருக்கிறது? ஆனால் மறு ஆய்வு மனுக்கள் பாய்ந்தன, தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது.

2005ல், சுனாமி அடித்த ஈரம் காயுமுன்பே, பார்லிமெண்டில் சட்டம் வந்தது. 1991ம் வருஷக் கடலோரத் தடை இத்தொழிலுக்கு அன்றுமுதலே பொருந்தாதென்று பின்தேதியிட்டு எழுதிக்கொண்டார்கள். ஆணையத்துக்குத் தலைவராக நீதிபதி. உறுப்பினராக வர்த்தக அமைச்சகத்தின் ஆள். மீனவருக்கோ, விவசாயத் தொழிலாளிக்கோ ஓர் ஆசனம்? கிடையாது. பதிவில்லாமல் பண்ணை நடத்தினால் மூன்று வருஷம் வரை சிறை என்று அச்சட்டத்திலேயே ஒரு பல் இருந்தது. 2023 திருத்தத்தில் அதையும் பிடுங்கிவிட்டு அபராதத்தோடு நிறுத்தினார்கள். அபராதம் கம்பெனிக்குத் தீவனச் செலவு மாதிரி. கணக்கில் எழுதிவிட்டுப் போவான்.

கடன் வாங்கி ஓர் ஏக்கரில் குட்டை போட்டு, நோய் விழுந்து நொடித்துப்போன சிறு விவசாயி மீது நமக்குக் கோபமில்லை. தீவனமும் குஞ்சும் விற்று, விளைந்த இறாலையும் தன் விலைக்கே வாங்கும் கம்பெனியைத்தான் கேட்கிறோம்.

ஆணையத்தை மீன்வள அமைச்சகத்திலிருந்து பிரித்து, ஏற்றுமதி இலக்கோடு சம்பந்தமில்லாத இடத்தில் வையுங்கள். அதில் மீனவர் சங்கத்துக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் ஆசனம் கொடுங்கள். எந்தப் பண்ணை எந்த சர்வே நம்பரில் பதிவாகியிருக்கிறது என்ற ஜாபிதாவைத் தமிழில் எழுதி, ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸ் சுவரிலும் ஒட்டுங்கள்.